ஒற்றைக் கைத் தேய்ப்பு

உலர்ந்த ஏலக்காயைப் பாயில் தேய்த்துக் காம்பு உதிர்க்க இரண்டு கை வேண்டும், கண்ணுகளா. பூட்டிக் கிடந்த, காயை அனலில் உலர்த்தும் சூட்டறைக்குள்ளிருந்து வந்ததோ ஒற்றைக் கைத் தேய்ப்பு. சர்ரக். கொஞ்சம் நின்று, மறுபடி சர்ரக்.

வாசலில் ஜக்கையன் நின்றார். தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிந்தைய இருபது வருஷத்தில், எதிர்த்தவர்களின் தலைகளைக் கொய்தே, போடிக்கு மேலே ஏழு சரிவுகளைத் தன் வாளுக்குக் கீழே கொண்டுவந்தவர். வெள்ளைக்காரன் கச்சேரியின் அதிகாரம் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. மலையில் அவர் சட்டம் ஒன்றுதான்: களவுக் காயோடு சிக்கியவனின் கை அங்கேயே விழ வேண்டும்.

நான்கு நாளைக்கு முன், தேவாரத்துப் பக்கம் ஒருவனை வெட்டி முடித்துவிட்டு அவர் மலையேறியபோது எதிரே காய் பறிக்கும் கூலியாள் தவசி வந்தான். மூடிய வலக்கையில் ஏலக்காய்.

"ஏதுடா காயி?"

அவன் வாய் திறக்கவில்லை. வாள் இறங்கியது.

அடியாள் மொக்கச்சாமி அதற்குப் பிறகுதான் முணுமுணுத்தான்: "எசமான், இன்னைக்கு மொதக் காயெடுப்பு. மொதப்பிடி சாமிக்குல்ல போகுது. சாமி கல்லுல வைக்கிறமுட்டும் கொண்டுபோறவன் பேசக் கூடாதே."

"அதுக்கென்ன? இனியும் காயோட பேசாம வர்றவன வெட்டு. நானா இருந்தாலும் வெட்டு," என்று சிரித்தார் ஜக்கையன்.

தவசி பொழுது சாயும்வரை ரத்தம் கொட்டிச் செத்தான். துண்டான கை, பிடித்த பிடியை விடவேயில்லை. அதைச் சூட்டறை உலையில் எறிந்தார்கள்.

மறுநாளிலிருந்து ஜக்கையனின் வலக்கை வாளைப் பிடிக்க மறுத்தது.

"சாமிக்குச் சேர வேண்டிய பிடிய நீங்களே எடுத்துட்டுப் போயி கல்லுல வைங்க, வாயத் தொறக்காம. இல்லாட்டி உங்க கை உங்களுக்கில்ல," என்றாள் மனைவி மாயக்காள்.

தான் தலைகுனிவதை ஒருவரும் பார்த்துவிடக் கூடாதென்று இன்று கூலியாள் கம்பளியைத் தலையோடு போர்த்தி வந்திருந்தார். கதவைத் திறந்தார். ஏலக்காய் வாசனைக்கு அடியில் கருகிய மயிரின் நாற்றமும், பொசுங்கிய தோலின் நாற்றமும், அவர் வாளில் எத்தனையோ முறை முகர்ந்த இன்னொரு நாற்றமும் சேர்ந்து, வெதுவெதுவென்று முகத்தில் அப்பின. தேய்ப்பு நின்றது. யாருமில்லை.

காய்க் குவியலுக்குள் வலக்கையை விட்டார்.

உள்ளே ஐந்து விரல்கள். சுடச்சுட. அவர் விரல்களோடு கோத்துக்கொண்டன.

உதட்டைக் கடித்தார். உதறினார். கை வெளியே வந்தது. ஒரு பிடி காயோடு. மூடியபடி. திறக்க வரவில்லை.

வெளியே வந்தார். பட்டப்பகலைப் பனிமஞ்சு விழுங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் ஓர் உருவம்.

"யாருடா அது? கையில என்ன காயி?" மொக்கச்சாமியின் குரல்.

சாமியாவது கல்லாவது. 'நான்தாண்டா' என்று கத்தப் பார்த்தார். நாக்கு அசையவில்லை. கம்பளியை விலக்க இடக்கையைத் தூக்கினார். அதற்குள் அரிவாள் உயர்ந்துவிட்டது.

"பேச மாட்டியா? எசமான் சொன்னது தெரியும்ல?"

மணிக்கட்டில் முதலில் குளிர். பிறகு தீ. மண்ணில் கிடந்தது அவர் வலக்கை. மூடியபடியே. மெல்ல, விரல் விரலாக, சூட்டறைப் படி ஏறியது.

கதவு சாத்திக்கொண்டது.

சர்ரக், சர்ரக், சர்ரக், சர்ரக். நிற்காமல்.

இரண்டு கை.