ஏழாம் அறையில் ஆளில்லை

இப்போதெல்லாம் எவனும் வாயைத் திறந்து ஒரு வேலை சொல்வதில்லை. பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் திரையில்தான் சொல்கிறான். சொன்னவனின் முகம் தெரியாது, தொனி தெரியாது. செய்யாமல் விட்டால் கேட்கிறவனும் தெரியாது, ஒரு சதுரம் சிவப்பாகும், அவ்வளவுதான். முன்பு மேலாள் வந்து கத்துவான். கத்தினால் திருப்பி முறைக்கலாம். சதுரத்தை முறைத்து என்ன பயன்? மனிதர்களுக்கு மனிதர்களோடு கதைக்கிற பொறுமை போய்விட்டது என்று மனதுக்குள் பொரிந்துகொண்டே மூத்ததம்பி சுவரில் மாட்டியிருந்த திரையைத் தொட்டு எழுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். ஷ்லீரன் ஊர் முழுக்கப் பனிப்புகார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் கரைந்துபோய், அவர் வேலை செய்யும் அப்பிள் கிடங்கு மட்டும் உலகத்தில் மிஞ்சினதுபோல நின்றது. உள்ளே நீண்ட ஓடை, நடந்து போகிற வழி, இரண்டு பக்கமும் கனமான இரும்புக் கதவுகள், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் கூரை முட்டப் பெட்டி பெட்டியாக அப்பிள். கதவைச் சாத்திய பிறகு அறைக் காற்றிலிருந்து உயிர்வாயுவை எடுத்துவிடுவார்கள். மூச்சு இல்லாத அந்தக் காற்றில் அப்பிள் பழுக்காது, அழுகாது, அடுத்த வசந்தம் வரை நித்திரை கொள்ளும். மனிதன் உள்ளே போனால் அவனும் நித்திரைதான். மணம் இல்லை, நோவு இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

திரையைச் சின்னவர்கள் டாஷ்போர்ட் என்பார்கள். மூத்ததம்பிக்கு அது பலகை. அறைக்கு ஒரு சதுரம். பச்சை என்றால் சுகம், மஞ்சள் என்றால் பொறு, சிவப்பு என்றால் ஓடு. மிச்சத்தை மெசினே பார்த்துக்கொள்ளும்: ஒரு வேலை முடிந்தது என்று விரலால் அமத்தினால் அடுத்த வேலை தானாகத் தொடங்கும், கதவு தானாகப் பூட்டும், வாயு தானாக மாறும், எழுத வேண்டியவருக்குத் தானாக எழுதும். வலப்பக்கமாக விரலால் தள்ளினால் ஆட்களின் பக்கம் வரும். வட்ட வட்டமாகப் படங்கள். வேலையில் நிற்கிறவனுக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.

ஞாயிறுகளில் அவர் ஒருவர்தான். ஆகவே ஒரு படம்தான் இருக்க வேண்டும்.

இரண்டு இருந்தன.

கீழே இருந்த வட்டத்தில் அடர்ந்த மீசை, பாதிச் சிரிப்பு, கழுத்துவரை இழுத்துவிட்ட நீலச் சட்டை. இராஜேந்திரன். பக்கத்தில் பச்சைப் புள்ளி. அதற்குப் பக்கத்தில் அவன் நிற்கும் அறையின் இலக்கம். ஏழு.

இராஜேந்திரன் செத்து ஒரு பனிக்காலம் போய் மற்றப் பனிக்காலம் வந்துவிட்டது.

மூத்ததம்பி கையை எடுத்துக் காற்சட்டையில் துடைத்தார். திரையை அணைத்தார். திரும்ப எழுப்பினார். மீசை அப்படியே இருந்தது. சாரங்கனுக்குத் தொலைபேசி எடுத்தார். இங்கே பிறந்து வளர்ந்த பொடியன், இவருக்கு மேலாள், பலகையைக் கட்டிக் காப்பவனும் அவன்தான்.

“என்ன அண்ணை, ஞாயிற்றுக்கிழமையும் என்னை விட மாட்டியளோ?”

“உன்ர பலகை செத்தவனை வேலைக்குக் கூப்பிட்டிருக்கு.”

“ஆரை?”

“இராஜேந்திரனை.”

“அண்ணை, அந்தக் கணக்கை நானே அழிச்சனான். பொறுங்கோ, வீட்டிலயிருந்து பாக்கிறன்.” தட்டும் சத்தம் கேட்டது. “எனக்கு உங்கட பேர் மட்டும்தான் நிக்குது. கண்ணாடி போட்டுப் பாத்தனீங்களோ?”

“எனக்கு மீசை தெரியாதோ?”

“சரி, சரி. மூடித் திறவுங்கோ, போயிடும். அண்ணை, வேறொண்டு. ஏன் ஏழாம் அறைக்குள்ள போனனீங்கள்? அதைத்தான் மூடி விட்டிருக்கெல்லோ?”

“நான் ஓடையில நிக்கிறன்.”

“இஞ்ச நீங்கள் ஏழுக்குள்ள எண்டு காட்டுது.”

“காட்டும். உன்ர சாமானெல்லோ,” என்று சொல்லிவிட்டு மூத்ததம்பி தொடர்பைத் துண்டித்தார்.

பலகை வந்த காலத்தில் எல்லோரும் பேரும் படமும் கொடுத்துக் கணக்குத் திறக்க வேண்டும் என்றார்கள். இவர் மாட்டேன் என்றார். பேரையும் படத்தையும் ஒருவனிடம் கொடுத்தால் அது கடைசியில் எவன் மேசையில் போய் விழும் என்பது ஊரிலிருந்து தப்பி வந்தவனுக்குத் தெரியும். இராஜேந்திரன்தான் சிரித்தான். “அண்ணை, உங்கட படத்தைப் பாத்து மெசின் பயந்து நிண்டிடும். என்ர பேரில செய்யுங்கோ. ஜெர்மன் வாசிச்சு மண்டையை உடைக்க வேண்டாம், பச்சையை அமத்துங்கோ, காணும்.” அப்படியே நடந்தது. இரண்டு பேருக்கும் ஒரு கணக்கு. இவர் அமத்தினதெல்லாம் இராஜேந்திரன் அமத்தினதாக விழுந்தது. அவன் செத்த பிறகுதான் சாரங்கன் இவரை நிறுத்திப் படம் பிடித்து, இவர் பேரில் ஒரு கணக்குத் திறந்தான்.

இராஜேந்திரனுக்கு இரண்டு வேலை. விடிய அலுவலகத் துப்புரவு, பிறகு இங்கே. கண் சொருகினால் நிரப்பி முடிந்த அறைக்குள், கடைசிப் பெட்டிகளுக்குப் பின்னால், கொஞ்ச நேரம் சாய்வான். மூத்ததம்பிக்கு அது தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியும். அவன் செத்த அன்றைக்கு ஏழாம் அறை நிரம்பியதும் பலகையில் ஒரு பெட்டி எழுந்தது, ஏதோ கேட்டது, கீழே சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. அவர் பச்சையை அமத்தினார். ரயிலுக்கு நேரமாகியிருந்தது.

அறைக்குள் ஆளில்லை, சரியா என்று அது கேட்டது என்பதைப் பிறகு மற்றவர்கள் வாசித்துச் சொல்லித்தான் அறிந்தார். அமத்தியவர் இராஜேந்திரன் என்று பலகை சொன்னது. அவனுடைய கைபேசியும் அதே கணக்கில் திறந்தபடி அவன் கைக்குள் கிடந்தது. தானே தன் மேல் கதவைப் பூட்டிக்கொண்டான் என்று விசாரித்தவர்கள் எழுதினார்கள். சனம் அதைச் சுருக்கி, தற்கொலை என்றது.

இன்று காலை அட்லிஸ்வில் முருகன் கோயிலில், செருப்பு வைக்கிற இடத்தில், அவன் மனைவி சந்திரமதி இவரை மறித்தாள்.

“அண்ணை, நீங்கள் அவரோட ஒண்டா நிண்டனீங்கள். அவர் அப்பிடிச் செய்யிற ஆளோ? மதுஜா இப்ப அப்பான்ர படத்தையே பாக்கிறாள் இல்லை. எங்களை விட்டுட்டுப் போட்டார் எண்டு கோவம். ஏதும் தெரிஞ்சா பிள்ளைக்காகச் சொல்லுங்கோ.”

“எனக்கென்ன தெரியும், பிள்ளை,” என்று சொல்லிவிட்டு அவர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். கட்டியிருந்ததை அவிழ்த்து, திரும்பக் கட்டினார்.

இப்போது ஓடையில் ஒரு சத்தம் மாறியிருந்தது. வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகிய இரைச்சல்தான். குளிர்ப்பெட்டிகளின் மூச்சு, குழாய்களுக்குள் ஓடும் நீரின் முணுமுணுப்பு, கூரைத் தகரம் குளிருக்குச் சுருங்கும் சின்னச் சின்ன முறிவு. ஆனால் அவற்றுக்கு அடியில், ஒரு வருஷமாக மின்சாரம் வெட்டிக் கிடந்த இடத்திலிருந்து, இன்னொரு மெசின் மெல்ல மெல்லச் சுற்றத் தொடங்கியிருந்தது. அதோடு ஒரு மணம். அப்பிள் மணம்தான். இங்கே இல்லாத அப்பிள் மணமா? ஆனால் இது நித்திரை கொள்ளும் அப்பிளின் மணம் இல்லை. மூடிய இடத்தில் கிடந்து உடைந்து, கள்ளாகப் புளித்து, அதற்குள் யாரோ தலையிடிக்குப் பூசிய தைலமும் கலந்த மணம்.

பலகையில், இவ்வளவு காலமும் சாம்பலாய்க் கிடந்த ஏழாம் சதுரம் மஞ்சளாகியிருந்தது.

திரையின் நடுவில் அந்தக் கேள்விப் பெட்டி எழுந்தது. எழுத்தை இப்போது அவரால் வாசிக்க முடியும். அந்த ஒரு வரியைத்தான் அவர் வாழ்க்கையில் ஜெர்மனில் பாடமாக்கியிருந்தார்.

அறைக்குள் ஆளில்லை. சரியா?

இடப்பக்க அம்புக்குறியைத் தொட்டார். முதற்பக்கம் வந்தது. பெட்டியும் வந்தது. மேல் மூலையில் இருந்த மூன்று கோடுகளைத் தொட்டார். ஆட்கள், அறைகள், குழாய்கள் என்று பட்டியல் விரிந்தது. குழாய்களுக்குப் போனார். பெட்டி அங்கே நின்றது. பழைய வேலைகளுக்குப் போனார், வரப்போகும் வேலைகளுக்குப் போனார், மொழி மாற்றுகிற பக்கத்துக்குப் போனார். எங்கே போனாலும், வீட்டு வாசலில் முன்கூட்டியே வந்து நிற்கும் ஆளைப்போல, அது அவருக்கு முதலே அங்கே நின்றது.

டொக்.

பெட்டி இல்லை. கதவு.

டொக். டொக்.

உள்ளேயிருந்து.

“குழாய்,” என்றார் மூத்ததம்பி சத்தமாக. “குளிருக்குக் குழாய் தட்டும்.”

தட்டியது குழாய்போல இல்லை. நித்திரையால் எழும்பியவன், இருட்டில், முதலில் மரியாதையாகத் தட்டுவதுபோல இருந்தது.

கதவைத் திறந்து பார்க்கலாம். நாலு எட்டு வைத்தால் போதும். திறக்கவில்லை. திறந்தால் ஆளில்லாமல் இருக்கலாம். திறந்தால் ஆள் இருக்கலாம். இரண்டுக்கும் அவருக்குத் துணிவில்லை.

விரல் சிவப்பில் போய்ப் பட்டது.

அவர் இதுவரை சிவப்பை அமத்தியதில்லை. பலகை அதற்கென்றே காத்திருந்ததுபோல, பழக்கமில்லாத ஒரு பக்கத்தைத் திறந்தது. உள்ளே இருப்பவர் யார்? கீழே வட்டங்கள். மீசையைத் தொட்டார். விரல் இரண்டு தரம் பட்டது. பலகை ஏற்றுக்கொண்டது.

அடுத்த பக்கம். கதவைப் பூட்டியது யார்?

வட்டங்கள் இல்லை. ஒரேயொரு வட்டம். அதில் அவருடைய முகம். சாரங்கன் பிடித்த படம். சிரிக்காமல், யாரோ பிடித்துக்கொண்டுபோய் நிறுத்தியதுபோல நிற்கும் படம்.

அதற்குக் கீழே, அமத்தியதும் யாருக்குத் தானாகப் போகும் என்று காட்டியது. சாரங்கன். நிறுவனம். மூன்றாவதாக ஒரு பெண். நெற்றியில் விபூதி, காலையில் உடுத்திருந்த அதே மண்ணிறச் சேலை. சந்திரமதி இங்கே ஒரு நாளும் வேலை செய்ததில்லை.

தொட்டால் போதும். கதைக்கத் தேவையில்லை, ஜெர்மன் தேவையில்லை, அவள் கண்ணைப் பார்க்கத் தேவையில்லை. தன் முகத்தில் ஒரு விரல். மெசின் மிச்சத்தைப் பார்க்கும். மதுஜா அப்பாவின் படத்தை எடுத்துத் துடைத்து வைப்பாள்.

தட்டல் கெதியானது. மரியாதை போய்விட்டது. இப்போது உள்ளங்கை.

விரல் வட்டத்தின் மேல் நின்றது.

பிறகு? பொலிஸ். கேள்வி. பேர் எங்கே, படம் எங்கே, ஏன் இன்னொருவன் பேரில் வேலை செய்தாய். இத்தனை காலம் ஏன் வாய் திறக்கவில்லை. கோயிலில் செருப்பு வைக்கிற இடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஓய்வூதியத்துக்கு இன்னும் கொஞ்சக் காலம்.

“அண்ணை.”

கதவுக்குள்ளிருந்து. மெல்ல. குரல் முழுக்க இல்லை. காற்றில்லாத இடத்தில் மிஞ்சியிருந்த அளவு மட்டும்.

“அண்ணை, நான் இஞ்ச.”

மூத்ததம்பி விரலை எடுத்தார்.

அம்புக்குறி. ஒரு பக்கம் பின்னால். இன்னொரு பக்கம் பின்னால். பழைய கேள்வி.

அறைக்குள் ஆளில்லை. சரியா?

இந்த முறை வாசித்தார். ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். வாசித்து விளங்கிக்கொண்டு பச்சையை அமத்தினார்.

ஏழாம் கதவின் பூட்டு தானாக உருண்டது. குழாய்களுக்குள் ஏதோ ஒரு நீண்ட பெருமூச்சு இறங்கியது. திரையில் மீசைக்குப் பக்கத்திலிருந்த புள்ளி மட்டும் போகவில்லை. உள்ளங்கைகள் கதவை அறைந்தன, அறைந்தன, பிறகு உரசின.

குளிர்ச் சட்டையை எடுத்து மாட்டினார். ஒரு கை மாறிப் போனது. வெளியே போக ஏழைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தக் கதவில் தலை உயரத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடி. பார்க்கமாட்டேன் என்று போனார்.

பார்த்தார்.

இருட்டு. கண்ணாடியில், உள்பக்கத்தில், வாயளவு ஈரப்பூச்சு. மறைந்தது. திரும்ப வந்தது, கொஞ்சம் சின்னதாக. மறைந்தது. வந்தது, இன்னும் சின்னதாக.

“கண்ணாடி வேர்க்குது,” என்றார். “வெளியில புகார். உள்ளுக்கு வேர்க்கும். ஆளோ? பலகை சொன்னா ஆளோ? பொய்ச் சாமான். நான் நம்பமாட்டன்.”

யாருக்குச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. சொல்லிக்கொண்டே நடந்தார். ஓடையின் முடிவில் வெளிக்கதவு, முழுக்கக் கண்ணாடி. வெளியே வெள்ளை. அதில் பின்னால் இருந்த ஓடை முழுதும் தெரிந்தது, வரிசையாய்க் கதவுகள், ஏழாம் கதவு, அதன் சின்னக் கண்ணாடி. ஈரப்பூச்சு இப்போது ஒரு நாணயத்தளவு. அதற்குக் கீழே நாலு விரல்நுனிகள், அழுத்தி அழுத்தி வெள்ளையாய்ப் போனவை, வழுக்கவில்லை, விடவுமில்லை.

“நம்பமாட்டன்,” என்றபடி மூத்ததம்பி கதவைத் தள்ளித் திறந்து, புகாருக்குள் இறங்கி, ஸ்டேசன் பக்கமாக நடந்தார்.