குதிகால் சத்தம்

காலை வைப்பதற்கு முன் உள்ளங்கையால் பிரேக் பெடலை ஒருமுறை அழுத்திப் பார்ப்பது மெக்கானிக் ஃபானாவின் பழக்கம். அன்று கை பட்ட இடம் சூடாக இருந்தது. ஒரு மாதமாகப் பனிமூட்டத்தில் கிடந்த டாக்ஸி வேன் அது. கதவு, ஸ்டீயரிங், இருக்கை எல்லாம் ஈரத்தில் சில்லிட்டிருக்க, பெடல் ரப்பரில் மட்டும், யாரோ அப்போதுதான் காலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனதுபோல் இளஞ்சூடு.

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். ஏறி உட்கார்ந்து மிதித்தான். பெடல் பாதியில் நின்றது. காலை எடுக்காமல் வைத்திருந்தபோது, வெந்துகொண்டிருக்கும் சோளக்களியில் அகப்பை இறங்குவதுபோல மெல்ல மெல்லத் தரை வரை இறங்கிற்று.

“அண்ணே, பெடல் எறங்குது.” இந்த வேனை ஓட்டிய தம்பி மெலுசி கடைசியாகச் சொன்னது அதுதான். வேனின் முதலாளி குமேடே அப்போது பக்கத்திலேயே நின்றிருந்தார். “ஆயில ஊத்தி அனுப்புடா, ஸ்டாண்டுல சனங்க காத்துக் கெடக்கு” என்றார். முடியாது என்றான் ஃபானா. அவரே பிரேக் ஆயிலை ஊற்றி மூடி, சாவியை மெலுசியிடம் வீசினார். ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும்போது, மலைச் சரிவின் வளைவில் வேன் நிற்கவில்லை.

இப்போது தகட்டைத் தட்டிச் சீராக்கி வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். பிரேக் மட்டும்தான் பாக்கி. ஆயிலை ஊற்றி மூடிக் கொடுக்கும் இன்னொருவன் கையில் அது சிக்கக்கூடாது என்ற ஆத்திரத்தில்தான் ஃபானா வேலையை ஏற்றிருந்தான். ஒவ்வொரு நட்டையும் குமேடேயின் கழுத்தைத் திருகுவதுபோல் திருகினான்.

சக்கரங்களின் உட்புறம் உலர்ந்திருந்தது. ஹோஸ் எதுவும் வீங்கவில்லை. ஆயில் மட்டம் குறையவில்லை. வெளியே எங்கும் கசியாமல் பெடல் இறங்குகிறதென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் போய்விட்டது. கழற்றிப் பார்த்தான். விளிம்பு நைந்த கறுப்பு ரப்பர், மோதிரம் அளவுதான். இதற்காகவா? அதைச் சுவரில் விட்டெறிந்தான்.

புதிய சிலிண்டர் மாட்டியாயிற்று. இனிக் குழாய்களிலிருந்து காற்றை எடுக்க வேண்டும். அது இரண்டாள் வேலை. ஒருவன் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவன் அடியில் படுத்து, சக்கரத்தின் பின்னாலுள்ள நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மிதிக்கிறவன் எப்போதும் மெலுசிதான். “ஷூவோட மிதிச்சா பெடல் பேசுறது கேக்காதுண்ணே” என்று வெறுங்காலால் மிதிப்பான். மூன்று மிதி. பிடித்ததும், இடது குதிகாலால் தரைத்தகட்டில் ஒரு தட்டு. ஃபானா “விடு” என்று சொல்லும்வரை காலை எடுக்கமாட்டான்.

இன்று ஆளில்லை. குமேடே பட்டறைக் கேட்டுக்கு வெளியே தன் காரில் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பெடலுக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, ஃபானா இடது பின் சக்கரத்துக்கு அடியில் ஊர்ந்தான். ஈர மண்ணும் பழைய ஆயிலும் கலந்த வாடை. பனி வேனுக்கு அடியிலும் புகுந்திருந்தது. ஸ்பானரைப் பொருத்தியதும் வாய் தானாகச் சொல்லிற்று.

“அமுக்கு.”

கிரீச். கிரீச். கிரீச்.

தட்.

குமேடேதான் ஏறிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தான். அந்த ஆளோடு பேசப் பிடிக்கவில்லை. நிப்பிளைத் திறந்தான், குமிழியோடு ஆயில் வந்தது. மூடினான். “விடு.” பெடல் எழுந்தது. அப்படியே நான்கு சக்கரமும். கடைசிச் சக்கரத்தில் குமிழியே இல்லை. தகட்டில் விழுந்த அந்தத் தட்டு, ஷூ அடிபோல் கேட்கவில்லை. சதை.

வெளியே வந்தான். கேட்டுக்கு வெளியே காரின் கண்ணாடி ஆவி பூத்திருந்தது. உள்ளே குமேடே, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

முட்டுக் கொடுத்த கட்டை பக்கத்து இருக்கையில் கிடந்தது. பெடல் ரப்பரில் ஈரம். ஐந்து கால்விரல்.

மெலுசி செத்த அன்றைக்கே அம்மா சொன்னாள். செத்த இடத்திலிருந்து உயிரை வீட்டுக்கு அழைத்துவர இலந்தை முள்கிளையோடு போகிறவன், செத்தவனோடு மட்டும்தான் பேச வேண்டும். வீடு சேரும்வரை வேறு யாரோடும் ஒரு சொல் கூடாது. ஃபானா கிளையை நொறுங்கிய வேனின் இருக்கையில் வைத்து, “வாடா, வீட்டுக்குப் போலாம்” என்று கூப்பிட்டு எடுத்தபோது, வண்டியை இழுக்க வந்த குமேடே, “பிரேக்கு பிடிக்கத் தெரியாத பய” என்றார். கிளையைக் கையில் பிடித்தபடியே ஃபானா அவரை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தான். வீட்டில் கிளையை வாங்கிய அம்மா கையிலேயே வைத்து நிறுத்துப் பார்த்தாள். “கனமே இல்லியேடா. வெறுங்குச்சியக் கொண்டாந்திருக்க.”

அவன் இறங்கவே இல்லை. இங்கேதான் இருக்கிறான்.

“முடிஞ்சுதாடா?” பின்னால் குமேடே. “ஏன் மரம்போல நிக்கிற?”

“பாபா, இன்னைக்கி வண்டிய எடுக்காதீங்க. புதுக்கிளை வெட்டியாந்து தம்பிய எறக்கிக் கூட்டிட்டுப் போயிடறேன். அப்புறம் எங்க வேணா ஓட்டுங்க.”

“கோயிலுக்குப் போற பொம்பளைங்க ஸ்டாண்டுல நிக்கறாங்க. ராவுக்குள்ள டர்பன் போகணும்.”

“போச்சுன்னா அவன் வழியிலயே அலைவான். உங்க காலப் புடிக்கறேன்.”

“செத்தவன் சீட்டுக்கும் நான் டிக்கெட் போடணுமா?” குமேடே ஏறி உட்கார்ந்தார். பளபளத்த கறுப்பு ஷூவைப் பெடலில் வைத்து அழுத்திப் பார்த்தார். “கல்லு மாதிரி இருக்கு! இத அந்தப் பயலுக்குப் பிடிக்கத் தெரியல.”

ஃபானாவின் காது இரைந்தது. கை ஸ்பானரைத் தேடவில்லை. வாய்தான் திறந்தது.

“அமுக்கு.”

தட்.

குமேடே குனிந்து பார்த்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. காலை இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து இழுத்தார்.

“டேய்... யாரோ மிதிக்கறாங்கடா. எலும்பு... ஃபானா, விடச் சொல்லு! நீ சொன்னாத்தான... விடச் சொல்லுடா!”

ஒரு சொல்தான். நாக்கு நுனியில் இருந்தது. ஃபானா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

சிலிண்டர் புதிது. குழாயில் காற்றில்லை. இறங்கவே கூடாத பெடல் இறங்கிக்கொண்டிருந்தது, மெல்ல, தரைத்தகட்டை வளைத்துக்கொண்டு. குமேடேயின் ஷூ தோலின்மேல் ஐந்து விரல் குழிகள், ஒவ்வொன்றாக ஆழமாகின.