கொடியடி மண்

பொங்கி அடங்கி, கிழமைக்கணக்காகச் சும்மா கிடந்த பீப்பாய் அன்று பொழுதுபடும் நேரம் மறுபடியும் சத்தம் போட்டது. நேசமலர் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. திராட்சை இரசம் குமிழி விடுகிற சத்தம் அவளுக்குப் பழகியது; கொட்டாஞ்சேனையில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாள் தொட்டுக் கேட்கிறாள். இது அதுவல்ல. இழுத்து, நிறுத்தி, மூச்சு விட்டு, திரும்பவும் இழுக்கிற சத்தம். அதைக் கேட்டதும் அவளுடைய சட்டையின் முன்புறம் நனைந்தது. பிள்ளை செத்து ஆறு மாதமாகியும் வற்றாத பால். அதன் மேலும் அவளுக்குக் கோபந்தான்.

யார் மேல்தான் கோபமில்லை. பிள்ளை பிறந்து ஒரு தரம் அழுதது. பிறகு நீலம் பாயத் தொடங்கியது. மருத்துவிச்சி பைறோஸாவுக்கு வேத விஷயம் தெரியாது. ஆனால் புருஷன் ஹியூபேட்டுக்குத் தெரியும். ஆபத்து நேரத்தில் யாரும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஞாயிறுதோறும் கோயிலில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவனே அவன்தான். அந்த மனிதன் கோட்டைத் தேடிப் போட்டுக்கொண்டு சுவாமியாரைக் கூட்டிவர ஓடினான். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையைப் புதைக்கக் கோயில் சேமக்காலையில் இடமில்லை என்றார் சுவாமியார். ஹியூபேட் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டால், நல்ல இடத்தில் என்பான். அதற்குமேல் வாய் திறக்கமாட்டான்.

அவனுக்குப் பேச வேறு விஷயம் இருந்தது. கொல்லைப் பந்தலில் நிற்கிற பச்சைத் திராட்சைக் கொடி, ஒரு பிரெஞ்சுச் சுவாமியார் அவனுடைய தகப்பனுக்குக் கொடுத்தது. கடை உரம் படாத கொடி. ஒவ்வொரு வருடமும் கிளை வெட்டியதும் வேரடியில் மீன் தலையும் மாட்டெலும்பும் புதைப்பார்கள், அவ்வளவுதான். காய்ப்பதும் பெயருக்குத்தான். யுத்தத்தால் பிரெஞ்சு வைன் வருவது நின்று, பூசைக்குக் கோயில் இவர்களிடம் கேட்ட இந்த வருடம் பார்த்து, பந்தல் முறிகிற அளவுக்குக் காய்த்துத் தள்ளியது. பிழிந்து பீப்பாயில் ஊற்றிய இரசத்தை நாளைக் காலை சுவாமியார் வந்து எடுத்துப் போவார்.

ஜப்பான்காரன் குண்டு போட்டதிலிருந்து விளக்குக்குக் கறுப்புத் தாள் சுற்றியிருந்தது. அந்த மங்கலில் அவள் பின்னறைக்குப் போனாள். சத்தம் நின்றது. பீப்பாயின் வாயில் கட்டியிருந்த துணி உள்நோக்கிக் குழிந்து, ஈரமாக, மெல்ல மெல்ல அசைந்தது. அவிழ்த்தாள். புளிப்பு வாசம் இல்லை, பழ வாசம் இல்லை. பிறந்த பிள்ளையின் உச்சந்தலை வாசம். அன்று ஒரேயொரு தரம் முகர்ந்தது. மறக்குமா அது.

ஏன் இந்த வருடம் வேரடியில் மீன் தலை புதைக்க வேண்டாம் என்றான்? மண்வெட்டியை ஏன் தன் கையிலிருந்து பறித்தான்?

ஹியூபேட் முன்னறையில் போத்தல் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பிள்ளையைக் கொடிக்குக் கீழையோ வைச்சனீங்கள்?"

அவன் நிமிரவில்லை. "மெல்லக் கதையும், மலர்."

"ஓமோ, இல்லையோ?"

"சேமக்காலையில விடமாட்டினம். பின்னை ரோட்டிலயே போடுறது? இது பூசைக்குப் போற கொடி. பழத்தோட பழமாப் பிள்ளையும் பீடத்துக்குப் போய்ச் சேரட்டும் எண்டு நினைச்சன்."

"ஒரு கை தண்ணி ஊத்தியிருந்தா நேரேயே போயிருக்கும். நீங்கள் கோட்டுப் போட்டனீங்கள்."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தாள். தன் பிள்ளை தனக்கு வேண்டும். எலும்பானாலும் வேண்டும். நாளைக்கு ஊரார் முழங்காலில் நிற்க, சுவாமியார் அதைக் கிண்ணத்தில் ஏந்திக் குடிக்க விடமாட்டாள். ஹியூபேட் விளக்கோடு பின்னால் ஓடி வந்தான்.

மண் இளகிக் கிடந்தது. வெட்டவே வேண்டியிருக்கவில்லை. கையால் வாரினாள்.

வேர்கள். வெள்ளை வேர்கள். ஒன்றுக்குள் ஒன்று பின்னி, கூடை முடைந்த மாதிரி. நடுவில் துணி. துணி கிழிந்திருந்தது. உள்ளிருந்து கிழிந்திருந்தது.

எலும்பு இல்லை.

பிள்ளை வளர்ந்திருந்தது.

ஆறு மாதப் பிள்ளை எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. தொடையில் மடிப்பு. தலை நிறைய மயிர். வாய்க்குள் ஒரு வேர்.

பின்னால் ஹியூபேட் செபம் சொல்லத் தொடங்கினான். பாதியில் விட்டான்.

வேரைப் பிடித்து இழுத்தாள். நீளமாக வந்தது. பிள்ளையைத் தூக்கினாள். குளிர். நல்ல பாரம். அவளுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"பிடியுங்கோ."

"வேண்டாம், மலர்."

"அண்டைக்கு ஓடினீங்கள். இண்டைக்குப் பிடியுங்கோ."

அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். விளக்கு விழுந்து சரிந்து எரிந்தது. அவன் கைகள் தாமாகவே ஏந்திக்கொண்டன. பின்னர் அவன் கையை எடுக்கப் பார்த்தான்.

எடுத்துவிட்டான். பிள்ளை விழவில்லை.

சின்ன விரல்கள் பத்தும் அவனுடைய சட்டைக் கழுத்தைப் பிடித்திருந்தன. கண் இன்னும் திறக்கவில்லை. வாய் மட்டும் திறந்து, அவன் கழுத்துப் பக்கம் திரும்பி, தேடத் தொடங்கியது.