முதல் பக்கம் யாருக்கு?

சிறுமி பட்டாணியின் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் போதும், போன் அடிக்கும். மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு எல்லாருக்கும் இது தெரியும். சுவர்களுக்குக் காது உண்டோ இல்லையோ, அந்தக் கட்டடத்து ஆட்களுக்கு நிறையவே உண்டு.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுப்பார்.

"அவங்க இல்லைங்க."

அந்தப் பக்கம் ஏதோ கேட்பார்கள்.

"வெளியே போகலைங்க. போன மாசம் தவறிட்டாங்க."

அதற்குப் பிறகுதான் கூத்து. கூப்பிட்டவர் அழுவார். அப்பா ஆறுதல் சொல்வார். "அழாதீங்க... ஆமா, நல்லவங்கதான்... கொஞ்சம் தண்ணி குடிங்க." அப்பா லிஃப்ட் மெக்கானிக். பாதியில் மாட்டிக்கொண்டவர்களைச் சமாதானப்படுத்திப் பழகிய குரல். ஆனால் திரும்பி வருவதற்குள் சாப்பாடு ஆறிப்போயிருக்கும். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

பட்டாணி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளுடைய அம்மா, பார்வை இல்லாதவர்களுக்காக ஒரு மென்பொருள் எழுதியிருந்தாள். கணினித் திரையில் இருப்பதையெல்லாம் அது உரக்கப் படிக்கும். அதன் கோப்புகள் மொத்தத்தையும் இணையத்தில் ஒரே இடத்தில் திறந்து வைத்திருந்தாள். அதற்குக் களஞ்சியம் என்று பெயர். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். களஞ்சியத்தின் முகப்பில் ஒரே ஒரு வரி: "சந்தேகமா? கூப்பிடுங்கள்." கீழே வீட்டு எண். கையேடு மட்டும் கிடையாது. அம்மாதான் கையேடு.

"நம்பரை எடுத்துட்டா தொல்லை விட்டுது" என்று எதிர்வீட்டு அத்தை சொன்னார். கேட்காமலே யோசனை சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

"அப்புறம் அவங்கல்லாம் யாரைக் கேப்பாங்க?" என்றாள் பட்டாணி. அத்தைக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது.

விடுமுறை நாளில் சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. அவளும் மென்பொருள் எழுதுகிறவள்.

"நான் கையேடு எழுதப் போறேன்டி. அது வந்துட்டா, உங்கப்பா நிம்மதியா சாப்பிடலாம்."

அத்தியாயத்துக்கு ஒரு தாள் என்று எழுதிச் சுவரில் வரிசையாக ஒட்டினாள். முதலில் 'உருவான கதை'. அடுத்து 'உள்ளமைப்பு'. பிறகு 'கோப்புகளின் அடுக்கு'. இப்படியே நீண்டு, ஜன்னல் ஓரத்தில் கடைசித் தாள்: 'குரல் வராவிட்டால்'.

பட்டாணி ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு வரி இருந்தது. 'புரியாவிட்டால் அக்காவைக் கேட்கவும்.'

"சித்தி, அம்மாவைக் கேக்கணும்னு போட்டிருக்கே."

சித்தி கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். "எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

சித்தி சமையலறைக்குள் போனாள். குழாய் வெகுநேரம் ஓடியது. ஒரு பாத்திரம்கூடக் கழுவிய சத்தம் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு மாமா கைப்பிடியைத் தடவிக்கொண்டு படியேறி வந்தார். மருத்துவமனையில் போன் எடுத்துப் பேசும் வேலை அவருக்கு. பார்வை கிடையாது.

"பட்டாணி, என் கம்ப்யூட்டர் ஊமையாயிடுச்சு. போன் பண்ணலாம்னு பார்த்தேன். உங்கப்பா எடுத்துடுவாரேன்னு மனசு வரலை. அதான் நேராவே வந்துட்டேன்."

"கையேடு ரெடியாகுது மாமா. படிக்கட்டுமா? முதல்ல, உருவான கதை."

"சரி."

"அப்புறம் உள்ளமைப்பு."

"அடி கண்ணே, வீடு பத்தி எரியுதுன்னு வந்தவன்கிட்ட, வீட்டைக் கட்டின கொத்தனார் கதையைச் சொல்றியே!"

பட்டாணி சிரித்துக்கொண்டே கடைசித் தாளுக்கு ஓடினாள். அங்கே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"மாமா, குரல் வரலைன்னா, குரல் வரலைங்கிற பக்கத்தை நீங்க எப்படிப் படிப்பீங்க?"

"படிக்க முடியாதுதான். அதனாலதானே உங்கம்மா போன் நம்பரைக் கொடுத்து வெச்சா."

உள்ளே குழாய் நின்றது.

பட்டாணி அந்தத் தாளைப் பிய்த்து எடுத்து, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒட்டினாள். தலைப்பை அடித்துவிட்டு, 'பக்கத்தில் இருப்பவருக்கு' என்று எழுதினாள்.

சித்தி முகத்தைத் துடைத்தபடி வந்து நின்றாள். "என்னடி இது? உள்ளமைப்பே தெரியாதவங்களுக்கு எடுத்த எடுப்புல இது எப்படிப் புரியும்?"

"இது மாமாவுக்கு இல்லை சித்தி. அவர் பக்கத்துல அப்போ யார் இருக்காங்களோ அவங்களுக்கு. அவங்கதான் படிச்சுச் சொல்லணும். அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, என்னை மாதிரி."

சித்தி தாளைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். "சரி, சொல்லு. போன்ல கூப்பிடறவங்ககிட்ட அக்கா முதல்ல என்ன கேப்பா?"

அம்மா இருந்தவரை தினமும் சாப்பிட்டுக்கொண்டே கேட்ட பேச்சு. பட்டாணிக்கு அது மனப்பாடம்.

"ஸ்பீக்கர் ஒயர் செருகியிருக்கா? வேற ஏதாவது சத்தம் வருதா? பதறாதீங்க, புரோகிராமை மூடிட்டு மறுபடி திறங்க."

"பதறாதீங்கன்னும் சொல்வாளா?"

"அதைத்தான் நிறைய தடவை சொல்வாங்க."

சித்தி அதையும் எழுதினாள். 'உருவான கதை' தாளைக் கையில் எடுத்தவள் அசையாமல் நின்றாள். அதில் அக்காவைப் பற்றித்தான் இருந்தது.

"இது எங்கேடி போகும்?"

"கடைசியில. அவசரம் இல்லாதவங்கதான் அங்கே வருவாங்க. நிதானமா படிக்கட்டும்."

பிறகு சித்தி ஒவ்வொரு தாளிலும் அடி வரியை அடித்துக்கொண்டே போனாள். கடைசித் தாளில் கை ஓடவில்லை. பட்டாணி பேனாவை வாங்கி, தானே அடித்தாள்.

அன்றே கீழ்வீட்டில் சோதனை நடந்தது. முதல் தாளைப் பட்டாணி வாசிக்க வாசிக்க, மாமா தடவிப் பார்த்தார். ஸ்பீக்கர் ஒயர் கழன்று தரையில் கிடந்தது. அவருடைய பூனை ஒன்றும் தெரியாதது போல மூஞ்சியை நக்கிக்கொண்டிருந்தது. ஒயரைச் செருகியதும் கணினி கடகடவென்று பேசத் தொடங்கியது.

"நாளைக்கு வேலைக்குப் போகலாம்!" என்றார் மாமா.

சித்தி கையேட்டை எழுதி முடித்துக் களஞ்சியத்தின் முகப்பில் வைத்தாள். பட்டாணி பிடிவாதமாகச் சொன்னதால், வீட்டு எண்ணை எடுக்கவில்லை. அது கையேட்டுக்குக் கீழே இருந்தது.

அழைப்புகள் குறைந்தன. ஒரு நாள் சாப்பிட்டு முடிக்கும்வரை போன் அடிக்கவே இல்லை. அப்பாவின் தட்டு காலியாகியிருந்தது. அவர் போனையே பார்த்தார்.

"கையேடு நல்லா இருக்கு போல" என்றார்.

"ம்."

"ஒருத்தராவது கூப்பிட்டிருக்கலாம்."

அப்பாவின் குரல் உடைந்தது. இப்போது ஆறுதல் சொல்ல வேண்டியது யார் என்று பட்டாணிக்குத் தெரிந்தது. அவள் நகர்ந்து வந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"அழுதுடுப்பா. இப்ப யாரும் கூப்பிட மாட்டாங்க."

அம்மா போனதற்கு அப்பா அன்றைக்குத்தான் அழுதார், நிதானமாக.