முக்கால் டேங்க்

"அக்கா... கொஞ்சம் வழி விடுங்களேன்!"

இடப்பக்கத்து வரிசையிலிருந்து ஒரு வெள்ளைக் கார் மூக்கை நீட்டியது. ரோவேனா ஹார்னை ஓங்கி அடித்தாள்.

உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடிக்குப் போகும் சாலை. புனித வெள்ளி விடுமுறை. பாதிச் சிங்கப்பூரும் மலேசியாவுக்குக் கிளம்பிவிட்டது போல, கண்ணுக்கு எட்டிய வரை சிவப்பு விளக்குகள். மேலே மழை... தூறுவதா, கொட்டுவதா என்று இன்னும் முடிவு செய்யாத மழை.

"யாருக்கு யாரு அக்கா? எல்லாரும் வரிசையிலதானே நிக்கிறோம்?"

கேட்ட பிறகுதான் ரோவேனாவுக்கு உறைத்தது. வெள்ளைக் காரை ஓட்டியவன் பேசியது அவளுடைய ஊர்ப் பேச்சு. பிலிப்பைன்ஸின் செபு தீவுப் பேச்சு. அவள் கண்ணாடியில் மாட்டியிருந்த, செபுக்காரர்கள் கும்பிடும் குழந்தை இயேசுவைப் பார்த்திருப்பான் போலும்.

அவன் முகம் சிவந்தது. "தப்பு என்னோடதுதான். மன்னிச்சுக்கங்க" என்று காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டான்.

அடடா... சண்டை போடுவான் என்றல்லவா நினைத்தாள்!

"ஐயோ பாவம்டி" என்றாள் பக்கத்தில் இருந்த லோர்னா. இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் செவிலியர்கள், அறைத்தோழிகள். வாடகைக் காரில் மலாக்கா போய், பழைய தேவாலயத்தில் பிற்பகல் வழிபாட்டில் கலந்துகொண்டு திரும்புவதாகத் திட்டம்.

"பாவமாம் பாவம். வரிசை தாண்டுறவனெல்லாம் நல்லவனா?"

ஆனால் அந்த வரிசைகள் அவர்களை விடுவதாக இல்லை. அவன் வரிசை நகர்ந்தால் முன்னே போவான். இவள் வரிசை நகர்ந்தால் பக்கத்தில் வந்து நிற்பாள். ஒவ்வொரு முறையும் அவன் தலையைக் குனிந்து வணக்கம் சொன்னான். நாலாவது முறை அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புனித வெள்ளியும் அதுவுமாய் இப்படிச் சிரிக்கலாமா என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஜன்னல் வழியே ஒரு டப்பா நீண்டது. தேங்காய்ப் பாலில் வெந்த வாழைப்பழமும் கிழங்கும் ஜவ்வரிசியும். ஊரில் இந்த நாளில் வீட்டுக்கு வீடு கொடுத்துக்கொள்ளும் பண்டம்.

"நானே வச்சது. சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கும்" என்றான். "என் பேரு தானிலோ. லிஃப்ட் பழுது பாக்குற வேலை."

"நான் லோர்னா. ஹார்ன் அடிச்ச மகராசி பேரு ரோவேனா" என்று லோர்னா டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

மழை முடிவு செய்துவிட்டது, கொட்டியது. ரோவேனாவின் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் இரண்டு தரம் அசைந்து செத்துப் போனது. முன்னே எதுவும் தெரியவில்லை. தண்ணீர்த் திரை மட்டும்.

அந்தத் திரைக்குப் பின்னால் ஓர் உருவம் வந்து நின்றது. தானிலோ! தொப்பலாக நனைந்தபடி, வைப்பரைத் தூக்கி, இடுக்கில் சிக்கியிருந்த இலையை எடுத்து, ஏதோ முறுக்கினான். வைப்பர் ஓடியது. தண்ணீர் விலகியது... மழைத்துளிகள் தொங்கும் இமைகளோடு இரண்டு கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. யாரையும் ஏமாற்றத் தெரியாத கண்கள். மறுபடி தண்ணீர்... மறுபடி கண்கள்...

மூச்சு விட மறந்து போனாள் ரோவேனா.

"சாவடி வந்துடும். அதுக்கு முன்னாடி..." ஜன்னலோரம் குனிந்து அவன் தயங்கினான். "உங்க நம்பர் கிடைக்குமா?"

'கொடு' என்றது மனசு. ஆனால் வேறொரு குரல் நினைவுக்கு வந்தது. 'உன் தம்பி படிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் கிழவனாயிடுவேன்' என்று சொல்லிவிட்டுப் போனவனின் குரல். தம்பி கப்பல் பொறியியல் முடிக்கும் வரை கல்யாணப் பேச்சே இல்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தவள் அவள். இன்னொரு முறை அதையெல்லாம் ஒருவனிடம் சொல்லி, அவன் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டுமா?

"ரோட்டுல பாக்குறவங்களுக்கெல்லாம் நம்பர் குடுக்குற பழக்கமில்ல" என்றாள். குரல் அவளுக்கே முரட்டுத்தனமாகக் கேட்டது.

"சரிங்க. பத்திரமா போயிட்டு வாங்க."

அவன் வரிசை நகர்ந்தது. வெள்ளைக் கார் மழைக்குள் கரைந்தது.

சாவடியில் அதிகாரி பெட்ரோல் முள்ளை எட்டிப் பார்த்தார். எல்லை தாண்டும் சிங்கப்பூர் வண்டியில் முக்கால் டேங்க் இருந்தாக வேண்டும். அக்கரையில் பெட்ரோல் மலிவு என்று, எல்லாரையும் போல ரோவேனாவும் முக்காலைத் தொடும் அளவுக்குத்தான் போட்டிருந்தாள். நெரிசலில் ஏசியோடு நின்றதில் முள் இறங்கிவிட்டது.

"திரும்பிப் போய் நிரப்பிட்டு வாங்க."

பெட்ரோல் நிலையத்தில் குழாயைப் பிடித்தபடி நின்றாள். தேவாலயத்துக்கு நேரமாகிவிடும். ஆனால் கண்ணில் நீர் முட்டியது அதற்காக இல்லை. இனி எங்கே பார்ப்பது? நனைந்துகொண்டே உதவியவனுக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னேனா... கர்த்தரே, எனக்கு ஏன் இவ்வளவு வீம்பு?

"அடியே... அங்க பாரு" என்றாள் லோர்னா.

வெள்ளைக் கார் நிலையத்துக்குள் நுழைந்தது.

"உங்களையும் திருப்பி அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டாள் ரோவேனா.

"இல்ல."

"பெட்ரோல் குறைஞ்சிருந்துதா?"

"டேங்க் ஃபுல்லா இருக்கு."

"அப்போ...?"

"உங்க காரை ஓரங்கட்டினதைக் கண்ணாடியில பாத்தேன். நானும் திரும்பணும்னு அதிகாரிகிட்ட கேட்டேன். ஏன்னார். ஒருத்தங்ககிட்ட முக்கியமா ஒண்ணு சொல்லாம வந்துட்டேன்னேன். மேலயும் கீழயும் பாத்தார். அப்புறம் கையைக் காட்டி விட்டுட்டார்."

"என்ன... சொல்லணும்?"

"உங்களைப் பிடிச்சிருக்குன்னு."

அவள் தலை குனிந்தாள். "தம்பி படிப்பு முடிய இன்னும் மூணு வருஷம். அதுவரைக்கும் நான் எங்க வீட்டுப் பொண்ணு மட்டுந்தான். கேட்டுக்கிட்டீங்களா? இப்பவே போயிடுங்க, பரவாயில்ல."

அவன் முகம் மாறும் என்று காத்திருந்தாள். மாறியது... மலர்ந்தது.

"எனக்கு ரெண்டு தங்கச்சிங்க படிக்கிறாங்க. அவங்களை விட்டுட்டு வான்னு நீங்க சொல்லுவீங்களா?"

"சேச்சே!"

"நானும் சொல்ல மாட்டேன்."

லோர்னா வெகு அக்கறையாகக் காரின் டயரை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

ரோவேனா நிமிர்ந்தாள். கண்கள் நிறைந்திருந்தன.

"நீங்க முன்னாடி போனப்ப... எனக்கு அழுகையே வந்துடுச்சு, தானிலோ."