எஞ்சினை அணைக்காதே

சாவியைத் திருப்பியதும் முதலில் எரிந்தது, பக்கத்து இருக்கையில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு. பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை.

டிங். டிங். டிங்.

ஓட்டுநர் இருக்கையில் இருந்த காலின், கையை நீட்டி அந்த இருக்கையைத் தடவினான். ஒன்பது மாதம் கொட்டகையில் கிடந்த வண்டியின் பூஞ்சை வாடை, எலிப்புழுக்கை, நனைந்த கம்பளியின் நாற்றம் எல்லாம் சேர்ந்து மூக்கில் ஏறின. இருக்கை சில்லென்று இருந்தது.

"என்னடா, உள்ள சர்ச் மணி அடிக்குது?" தூக்கிய பானெட்டுக்குப் பின்னாலிருந்து ஸ்தாமென் கேட்டார். அடுத்த வீட்டுக்காரர். தன் மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றி வந்த பேட்டரியைக் கவிழ்த்த வாளியின் மேல் வைத்து, இரண்டு ஒயர்களால் காரோடு இணைத்திருந்தார்.

"ஆள் உட்கார்ந்திருக்கறதாக் காட்டுது அண்ணே."

"ஈரம் ஏறியிருக்கும். சாவிய அணை. இது செங்கல் அளவு பேட்டரி, வீணா தீர்த்துடாதே. ரெண்டு தடவைதான் தாங்கும்."

மதியத்திலிருந்து அவன் மனைவி நெவெனாவுக்குப் பிரசவ வலி. பனிக்குடம் உடைந்துவிட்டது. மலைப்பாதை முழுக்க மூடுபனி, ஆம்புலன்ஸ் எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது என்றார்கள். காலினின் வேன் பட்டறையில் கிடந்தது. மிச்சம் இருந்தது அண்ணன் ஒக்னியானின் கார் மட்டும்தான்.

பிப்ரவரியில் இதே கார் மேட்டு வளைவில் பனியில் நின்றுபோனது. "பேட்டரி செத்துப்போச்சு, ஒரு பேட்டரி எடுத்துட்டு வாடா" என்று அண்ணன் போனில் சொன்னான். குரல் குழறியது. ரக்கியா சாராயம் குடித்துவிட்டு உளறுகிறான் என்று காலின் போனை வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான். குளிரில் நாக்கு மரத்துப்போனாலும் குரல் அப்படித்தான் குழறும் என்பது அப்போது தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்து விறைத்த உடலைக் கண்டெடுத்தபோது, ஒக்னியான் ஓட்டுநர் இருக்கையில் இல்லை. நகர்ந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தான், வேறு யாரோ வந்து ஓட்டுவார்கள் என்பதுபோல.

"இப்ப திருப்பு!"

எஞ்சின் முனகியது, இழுத்தது, நின்றது. மறுபடி திருப்பினான். இருமிக்கொண்டு பிடித்துக்கொண்டது.

"கிளம்பிடுச்சு! எருமை எழுந்துடுச்சுடா!" ஸ்தாமென் ஒயர்களைக் கழற்றினார். "காலின், கேட்டுக்கோ. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் எஞ்சின அணைக்காதே. நின்னா அதோட சரி. அங்க யாரு பேட்டரி தூக்கிட்டு வருவா?"

நெவெனா போர்வையைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி வந்தாள். பின்கதவைத் திறந்து மெல்லச் சாய்ந்தாள்.

"ஸ்தாமென் அண்ணனும் நம்மகூட வர்றாரா?"

"இல்லையே. ஏன்?"

"முன்னாடி…" அடுத்த வலி அவள் பேச்சைப் பிடுங்கிக்கொண்டது.

அப்போதுதான் பானெட் இறங்கியது. கண்ணாடிக்கு வெளியே ஸ்தாமென் நின்றார், பேட்டரியை மார்போடு அணைத்தபடி. சிரித்துக்கொண்டிருந்தவர், காலினுக்குப் பக்கத்தில் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. சிலுவை போட்டுக்கொண்டு, பின்னோக்கியே நடந்து பனிக்குள் மறைந்தார்.

காலின் இறங்கியிருப்பான். இறங்கி ஓடியிருப்பான். பின்னால் நெவெனா பல்லைக் கடித்து அழுதுகொண்டிருந்தாள்.

கியரைப் போட்டான்.

நாலு மணிக்கே வெளிச்சம் அழுகிப்போயிருந்தது. விளக்கு வெளிச்சம் பனியில் பத்தடிக்கு மேல் போகவில்லை. பைன் மரங்கள் ஒவ்வொன்றாக முளைத்து வந்து பக்கவாட்டில் ஒதுங்கின. ஹீட்டரை முழுக்கத் திருகியும், பக்கத்து இருக்கையை ஒட்டிய அவன் வலது தோளில் மட்டும் குளிர் ஏறியது. டிங். டிங். டிங். மேட்டு வளைவு நெருங்க நெருங்க மணி வேகமெடுத்தது.

"அதை நிறுத்தேன் காலின், தலை வெடிக்குது!"

"முடியாதும்மா. வண்டிய நிறுத்த முடியாது."

வளைவு வந்தது. அவன் பக்கத்தில் பார்க்கவில்லை. சாலையை மட்டும் பார்த்தான். வெள்ளைக் கோடு. கல். வெள்ளைக் கோடு.

பெல்ட் இழுபடும் சத்தம். மெதுவாக. முழு நீளத்துக்கும்.

கிளிக்.

மணி நின்றது.

"அப்பாடா," என்றாள் நெவெனா.

காலின் திரும்பினான். காலி இருக்கையின் குறுக்கே பெல்ட் விறைப்பாக நின்றது. நடுவில் பருத்து, ஒரு மார்பின் மேல் கிடப்பதுபோல.

ஏறியது. இறங்கியது. ஏறியது.