பன்னிரண்டு பேட்டரிக் கட்டைகள்

காலை மணி 7.10.

முப்பத்தாறு கட்டைகள் பல்பை எரியவைத்தன. பன்னிரண்டு எரியவைக்கவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் அந்தப் பன்னிரண்டையும் மறுபடி ஒவ்வொன்றாகக் கம்பியில் வைத்துப் பார்த்தார். பல்பு கண் திறக்கவில்லை. ரயில்வேயில் முப்பத்து மூன்று வருடம் உழைத்து, ஒரு புகாரும் வாங்காமல் ஓய்வு பெற்றவர். பெண்கள் பள்ளிக்கூடத்தின் தையல் அறையில் இயங்கிய சிவில் பாதுகாப்பு நிலையத்துக்கு இப்போது அவர்தான் பொறுப்பு.

“பதினோரு மணிக்கு ராணுவ லாரி வந்துடும் டீச்சரம்மா. நான் என்ன பதில் சொல்லுவேன்?”

தையல் டீச்சர் மேசைப் பக்கம் குனிந்தார். ஒரு தையல் தவறினாலும் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார் என்பதால் மாணவிகள் அவருக்கு வைத்த பெயர் ‘ஊசிக்கண்’. அந்தக் கண் இப்போது மேசைமேல் கிடந்த பார்சல் துணியில் இருந்தது.

அந்தப் போர்க்காலத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பேட்டரிக் கட்டையின் அருமை தெரியும். தொழிற்சாலை செய்ததெல்லாம் போர்முனைக்கே போனது. கடையில் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். ஜன்னலெங்கும் கறுப்புக் காகிதம், தெருமுனையில் மணல் வாளி, மாலையில் ஒத்திகைச் சங்கு. தீர்ந்த கட்டையை வெயிலில் காயவைத்து, பல்லால் கடித்து நசுக்கி, இன்னும் இரண்டு நாள் உயிர் வாங்கினார்கள்.

ஸ்டிரெச்சர் குழுவின் டார்ச்சுகளுக்கென்று இந்த நிலையத்துக்கு நாற்பத்தெட்டு கட்டைகள், துணியில் வைத்துத் தைத்த பார்சலாக வந்திருந்தன. நிஜத் தாக்குதல் வரும்வரை பிரிக்கக் கூடாது என்று உத்தரவு. இப்போது போர்முனைத் தொலைபேசிகளுக்கே கட்டை இல்லை; கொடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்று அடுத்த உத்தரவு. அதில் குறை இருந்தால் பொறுப்பாளருக்குச் சிறை.

“பார்சல் வெச்சிருந்த பீரோவோட சாவி?” என்றார் டீச்சர்.

“என்கிட்ட மட்டும்தான். இடுப்புலயே இருக்கும். மத்தியானம் வீட்டுல கண்ணசர்றப்ப மட்டும் ஆணியில மாட்டுவேன்.”

“பார்சலை எப்பவாவது பார்த்தீங்களா?”

“சனிக்கிழமை தவறாம. துணிக்கு மேலயே தடவி எண்ணுவேன். நாப்பத்தெட்டு, ஒண்ணுகூடக் குறைஞ்சதில்ல.”

டீச்சர் துணியை வெளிச்சத்தில் பிடித்தார். “இதைப் பிரிச்சுத் திரும்பத் தைச்சிருக்காங்க சார். பழைய துளையிலயே ஊசி போயிருக்கு. கை பழகினவங்க, அவசரமில்லாம செஞ்ச வேலை.”

பிறகு செத்த கட்டைகளைக் கையிலெடுத்தார். பன்னிரண்டிலும் வரிசையாகப் பல் தடம்.

காலை 8.20.

அந்த அறையில் தினமும் புழங்குகிறவர்கள் இன்னும் மூன்று பேர்: முதலுதவி பார்க்கும் கம்பவுண்டர், பள்ளிக் காவல்காரர், மதியத்தில் கட்டுத்துணி சுற்ற வரும் மாஸ்டர் வீட்டம்மா. அந்த அம்மாள் கணவருக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அப்போதுதான் திரும்பிப் போயிருந்தார்.

முதலில் கம்பவுண்டர்.

“வீட்டுல ரேடியோ இருக்கா?”

“இருக்கு. கரண்ட்ல ஓடறது டீச்சர். அதுக்குக் கட்டை எதுக்கு?”

“டார்ச்?”

“அது மூணு கட்டை டார்ச். செத்து ஒரு வருஷமாச்சு. இருட்டுல முட்டி முட்டி எங்க வீட்டுச் சுவரெல்லாம் எனக்கு மனப்பாடம்.”

அடுத்து காவல்காரர். டீச்சர் கட்டையைக் காட்டினார். “இதை யாரு கடிச்சிருப்பாங்க?”

அவர் வாயைத் திறந்து காட்டினார். உள்ளே மொத்தம் மூன்று பற்கள். “சோத்தையே கரைச்சுத்தாம்மா குடிக்கிறேன். இரும்பைக் கடிப்பேனா?”

ஸ்டேஷன் மாஸ்டருக்கோ இரண்டு வரிசையும் பொய்ப்பல்.

“உங்க வீட்டு ரேடியோ, சார்?”

“ஆறு கட்டை போடறது. அது ஊமையாகி ஆறு மாசமாச்சு. வீட்டுக்காரி துணி போட்டு மூடி வெச்சிருக்கா.”

காலை 9.40.

“பொறுப்பு என்னோடது. நானே எழுதிக் கொடுத்துடறேன்,” என்று ஸ்டேஷன் மாஸ்டர் காகிதத்தை எடுத்தார். ரயில்வே நாளிலிருந்து அவர் விடாத பழக்கம், மையூறும் பென்சில். நுனியை நாக்கில் தொட்டு எழுதினார். எழுத்து ஊதா நிறத்தில் விழுந்தது.

டீச்சர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைப்பையிலிருந்து ஓர் அஞ்சலட்டையை எடுத்தார்.

போர்முனையில் நான்கு மாதமாகக் காணாமல்போன தம்பியைப் பற்றி ஒன்பது நாளைக்கு முன் வந்த அட்டை. ‘உங்கள் தம்பி உயிருடன் இருக்கிறார். கைதிகள் முகாமில் நலம். கவலை வேண்டாம்.’ கையெழுத்துப் போடவில்லை. நூறு தடவை படித்திருப்பார், அழுதிருப்பார். எதனால் எழுதியது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அதுவும் ஊதா. ஆனால் மாஸ்டரின் சாய்ந்த எழுத்து இல்லை. குண்டு குண்டான எழுத்து.

ஊசிக்கண் என்று பெயர் வாங்கியவருக்கு முகம் சுருங்கியது.

காலை 9.55.

பள்ளிக்கூடத்துப் பின்வாசலைத் தாண்டினால் மாஸ்டர் வீடு. டீச்சர் அட்டையை அடுப்படி மேடைமேல் வைத்தார்.

“அக்கா, இது நீங்க எழுதினதுதானே?”

மாஸ்டர் வீட்டம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்தார். “உட்காரு.”

“கட்டையும் நீங்க எடுத்ததுதான்.”

“ஆமா.”

எதிரி நாட்டு வானொலி தினமும் மதியம் இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் கைதிகளின் பெயர்களை வாசித்தது. பெயர், தகப்பன் பெயர், ஊர். நம் ஆட்களின் மனதைக் கலைக்கத்தான். அதைக் கேட்பது குற்றம்.

“எங்களுக்குப் பிள்ளை இல்லைன்னு உனக்குத் தெரியும். ஒருநாள் அவர் கண்ணசந்த நேரத்துல, சத்தத்தைக் குறைச்சு வெச்சுப் பாட்டு தேடித் திருகறப்ப ஒரு பேரு காதுல விழுந்துச்சு. அந்தப் பையனோட அம்மாவுக்கு இது தெரியாதேன்னு நினைச்சேன். கேட்டுட்டு எப்படிடி சும்மா இருக்கறது? ஒரு கார்டு போட்டேன். அப்புறம் விட முடியல. கட்டை தீர்ந்ததும், அவர் தூங்கறப்ப ஆணியிலேருந்து சாவியை எடுத்தேன்.”

“மாஸ்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“எதிரி ரேடியோ கேட்டேன்னு தெரிஞ்சா அவரே என்னைக் கொண்டுபோய் ஒப்படைச்சிருப்பார்.”

டீச்சர் அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “அக்கா, ஒருநாள் நிஜமாவே குண்டு விழுந்திருந்தா? இருட்டுல ஸ்டிரெச்சர் தூக்கறவங்க என்ன செஞ்சிருப்பாங்க?”

“தினமும் அதை நினைச்சுத்தான் படுத்தேன்,” என்றார் அந்த அம்மாள்.

காலை 11.05.

புழுதி படிந்த லாரியிலிருந்து இறங்கிய சார்ஜெண்ட் இரண்டு நாள் தூங்காதவர் போலிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் தன் ஒப்புதல் கடிதத்தை நீட்டினார். டீச்சர் குறுக்கே வந்தார்.

“அது பொய் சார். திருடன் எடுத்துக்கிட்டுப் போவான். இங்க எடுத்தவங்க, எடுத்த இடத்துல செத்த கட்டையை வெச்சிட்டுப் போயிருக்காங்க. சனிக்கிழமை மாஸ்டரோட எண்ணிக்கை தப்பாகக் கூடாதுன்னு அவ்வளவு கவலை. டார்ச்சுக்கு ரெண்டோ மூணோ போதும். பன்னிரண்டுன்னா ஆறு கட்டை ரேடியோவுக்கு ரெண்டு தடவை. ஊமையா கிடந்த ரேடியோவோட ஆறு செத்த கட்டையை வெச்சு ஆறு புதுசு எடுத்தாங்க. அதுவும் தீர்ந்ததும் மறுபடி மாத்தினாங்க. அப்படின்னா கடைசியா எடுத்த ஆறு இன்னும் உயிரோட இருக்கு.”

வாசலில் மாஸ்டர் வீட்டம்மா நின்றிருந்தார். ஒரு கையில் ஆறு கட்டைகள்; மறு கையில் பழைய நோட்டுப் புத்தகம்.

“நான்தான் எடுத்தேன். ரேடியோவுல கைதிங்க பேரைக் கேட்டு, அவங்கவங்க வீட்டுக்குக் கார்டு போட்டேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது.”

ஸ்டேஷன் மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவளை அன்றுதான் முதல்முறை பார்ப்பவர்போலப் பார்த்தார்.

சார்ஜெண்ட் நோட்டைப் புரட்டினார். நூற்று நாற்பது பெயர்களுக்கு மேல், ஒவ்வொன்றுக்கும் எதிரே கார்டு போட்ட தேதி. ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. “இவன் எங்க படைப்பிரிவு. செத்துட்டான்னு நான்தான் அவங்க வீட்டுக்கு எழுதினேன்.”

அந்தப் பெயரை இன்னொரு முறை படித்தார்.

அவர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரசீதில் எழுதினார்: ‘பெற்றது 42. செய்தித் தொடர்புப் பணியில் தீர்ந்தது 6.’

“இங்க ரேடியோ எதையும் நான் பார்க்கல. கையெழுத்துப் போடுங்க சார்.”

லாரி போன பிறகு கம்பவுண்டர் தொண்டையைச் செருமினார். ஊரே பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்த மனிதர். “எங்க வீட்டுல கரண்ட் இருக்கு. ரெண்டு மணிக்கு அம்மா அங்க வரலாம்.”

அன்று மதியம் ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணசரவில்லை. கம்பவுண்டர் வீட்டு வாசற்படியில் நாற்காலி போட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, தெருவில் வருகிறவர் போகிறவரைக் கவனித்துக்கொண்டிருந்தார். போர் முடியும்வரை அந்த நாற்காலி அங்கேயே கிடந்தது.

அடுத்த மழைக்காலத்தில் டீச்சரின் தம்பி எலும்பும் தோலுமாக ரயிலிலிருந்து இறங்கினான். அக்காவைக் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்ததும் அவன் முதலில் கேட்டது இதைத்தான்:

“நான் உயிரோட இருக்கேன்னு உனக்கு யாரு சொன்னது அக்கா?”

டீச்சர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குக்கூடப் போகாமல், நேராகப் பள்ளிக்கூடத்துப் பின்வாசல் தெருவுக்கு நடத்திக்கொண்டு போனார்.